ஆங்கிலத்தில் வாதாடி எழுதக் கற்போம்

(திரிங்காப்பில், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக நடந்த கட்டுரைப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்துக்காரன் வந்தால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவான், வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசுவான். இவன் ஆங்கிலக் கட்டுரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பளத்துக்கும் கூரைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குளிரில் மலையேறி வந்திருக்கிறேன்.

1929 இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலம் முதல் இந்தக் கேமரன் மலையில் காடு வெட்டியதிலும், செடி நட்டதிலும், கொழுந்து எடுத்ததிலும் நம்மவர் கை இருக்கிறது. கீழே பகாங்கிலும் சிலாங்கூரிலும் பேராக்கிலும் ரப்பர் மரம் சீவியதும் அதே கைதான். உழைக்க அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தன் குறையை எழுதவேண்டிய நேரம் வந்தபோதெல்லாம், அது இன்னொருவர் கையைத்தான் தேடிப் போயிற்று.

எழுதித் தரும் கை

பழைய தோட்டங்களில் மனு எழுதுவது எப்படி நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஆபீஸ் கிராணியிடம் போக வேண்டும். அல்லது டவுனில் மனு எழுதுகிறவரிடம் காசு கொடுத்து எழுத வேண்டும். தொழிலாளி சொல்வது ஒன்று, தாளில் விழுவது ஒன்று. "மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் சமூகத்துக்கு, அடியேன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது" என்று ஆரம்பித்து, அரைப் பக்கம் கும்பிட்டு, முக்கால் பக்கம் அழுது, கடைசி வரியில்தான் கூரை ஒழுகும் விஷயம் வரும். கடைசி வரி வரை துரை வாசித்தாரோ இல்லையோ, யார் கண்டது?

நல்ல கிராணிமார்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் கிராணித் தோழர்களில் பலர் இரவில் விளக்கு வைத்துத் தொழிலாளிக்காக எழுதிக் கொடுத்தவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தன் வழக்கை எழுதத் தெரியாதவனுக்கு அந்த வழக்கில் பாதி கையை விட்டுப் போகிறது என்பது உண்மை.

இப்பொழுது காலம் மாறியிருக்கிறது. மாணவ மணிகளே, நீங்கள் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் 200 முதல் 250 சொற்களில் ஒரு விரிவான கட்டுரை எழுதுகிறீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் போக மூயெட் பரீட்சை கேட்கிறார்கள். அதன் எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம். இரண்டாவது கேள்விக்குக் குறைந்தது 250 சொல் எழுதவேண்டும். ஒரு விஷயத்தைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்பதுதான் அங்கே சோதிக்கப்படுகிறது. இதைப் பரீட்சைக்கு மட்டும் கற்றால் பரீட்சையோடு மறந்துபோகும். நம் வழக்கை நாமே எழுதுவதற்கு என்று கற்றால் ஆயுளுக்கும் நிற்கும்.

ஒரு ரூபாய்ச் சம்பளக்காரர்

நம்மால் முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். தஞ்சை ஜில்லாவில் முத்துசாமி என்று ஓர் ஏழைப் பையன். தகப்பனார் காலமானார். கிராமக் கணக்கருக்கு உதவியாளாக அவன் வேலைக்குப் போனான். சம்பளம் மாதம் ஒரு ரூபாய். அவன் கெட்டிக்காரத்தனத்தைக் கண்ட ஒரு தாசில்தார் அவனைப் படிக்க வைத்தார். 1854 இல், சென்னை மாகாண அளவில் நடந்த ஆங்கில வியாசப் போட்டியில் அந்தப் பையன் வென்றான். பரிசு 500 ரூபாய். அவனுடைய பழைய சம்பளக் கணக்கில் பார்த்தால் அது நாற்பத்தோரு வருஷத்துக்கு மேற்பட்ட கூலி!

அவர்தான் டி. முத்துசாமி ஐயர். 1878 இல் சென்னை ஹைக்கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி ஆனார். ஓர் இந்தியருக்கு இந்தப் பதவியா என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகள் தாக்கி எழுதின. பதில் எழுத நம்மவர் கையில் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடினார்கள். இருவர் உபாத்தியாயர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 ஆம் தேதி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். அதுதான் இன்றைக்கும் வெளிவரும் 'ஹிந்து' பத்திரிகை. ஆறு பேரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882 இல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ்ப் பத்திரிகையையும் ஆரம்பித்தார். ஆள்பவனுக்குச் சொல்ல ஆங்கிலம். நம் ஜனங்களுக்குச் சொல்லத் தமிழ். ஒன்றைக் கற்க மற்றதை விடவேண்டும் என்பதில்லை என்று அவரே காட்டிவிட்டார்.

வெள்ளி நாக்கும் வெறுங்கையும்

சரி, அழகான ஆங்கிலம் இருந்தால் போதுமா? இதற்கு நம் மலாயா சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது.

மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் பெயரைப் பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். வலங்கைமானில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலப் பேச்சில் வெள்ளைக்காரனே வியக்கும் அளவுக்கு உயர்ந்தவர். 'வெள்ளி நாக்கு' என்று அவருக்குப் பட்டமே உண்டு. மலாயாவில் இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை தரும்படி இந்திய அரசாங்கம் அவரை அனுப்பியது. 1937 இல் அறிக்கை வந்தது. ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாள் கூலியாகத் திரும்பவும் தரவேண்டும் என்றார். அது நல்லதுதான். ஆனால் இந்தியாவிலிருந்து கூலியாட்கள் வருவதை நிறுத்தக் காரணம் எதுவும் இல்லை என்றும் எழுதினார். 1936 இல் தோன்றியிருந்த மலாயா மத்திய இந்தியச் சங்கத்தாருக்கு இது பெரிய ஏமாற்றம். ஆளை இறக்கிக்கொண்டே இருந்தால் கூலி எப்படி உயரும் என்பது அவர்கள் கேள்வி.

அடுத்த வருஷமே கேள்விக்குப் பதில் கிடைத்தது. 1938 இல் ரப்பர் விலை சரிந்தது. முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம், உதவி பெற்று வரும் கூலியாட்களின் பயணத்துக்குத் தடை போட்டது. சாஸ்திரியார் தேவையில்லை என்று எழுதியது ஒரு வருஷத்தில் தேவையாகிவிட்டது. அவர் ஆங்கிலத்தில் யாரும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாதத்துக்கு உயிர் கொடுப்பது மொழியழகு மாத்திரம் இல்லை. லயத்தில் இருக்கிறவன் அறிந்த உண்மை அதில் இருக்க வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. மொழியைத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து, 1941 இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு. பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது. கள்ளுக்கடைகளை மூடுவது. உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு இன்னொன்று: துரைக்கு முன்னாலும் உத்தியோகஸ்தர்களுக்கு முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை.

அந்தச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். "நாங்கள் அடிமைகளைப் போல் நடத்தப்படுகிறோம்" என்று பத்துப் பக்கம் எழுதலாம். படிப்பவன் 'மிகைப்படுத்துகிறான்' என்று தாளை ஒதுக்கி வைப்பான். "துரையைக் கண்டால் நான் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் அவனால் மறுக்க முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காரியம் பத்து அடைமொழிக்குச் சமம். வாதாடி எழுதுவதில் முதல் பாடம் இது.

கிள்ளான் கதை சுகமாக முடியவில்லை. கிள்ளான் இந்தியர் சங்கத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். எழுதியவுடனே நியாயம் கிடைத்துவிடும் என்று உங்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். எழுத்துக்குப் பின்னால் ஒற்றுமை வேண்டும். ஆனால் அந்தக் கோரிக்கைகள் காகிதத்தில் இருந்தபடியால்தான், அவர்கள் எதற்காக உயிர்விட்டார்கள் என்று இத்தனை வருஷம் கழித்தும் நம்மால் சொல்ல முடிகிறது.

எப்படி எழுதுவது?

இனிக் காரியத்துக்கு வருவோம். கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்: "தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு வேண்டும்."

முதலாவது, நிலையைச் சொல்லுங்கள். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது; நம் பேச்சிலும் முடிவு கடைசியில்தான் வருகிறது. ஆங்கிலக் கட்டுரையில், வாசிப்பவன் முதல் பத்தியிலேயே 'இவன் எந்தப் பக்கம்?' என்று பார்க்கிறான். ஆகவே, தோட்டத்தில் வேலை செய்தவர் ஓய்வு பெறும்போது குடியிருக்கச் சொந்த வீடு இருக்க வேண்டும் என்பதே என் கருத்து என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று மழுப்பிவிட்டுப் போனால் அது கட்டுரையாகாது.

இரண்டாவது, காரணம். மூன்று காரணம் இருந்தால் தாராளம். இரண்டே பலமாக இருந்தால் இரண்டு போதும். கையால் கொழுந்து எடுத்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு இலையும் ஓர் அரும்பும்தான் கணக்கு. கூடை நிறையட்டும் என்று முற்றல் இலையைக் கிள்ளிப் போட்டால் எடை கூடும், தூளின் தரம் கெடும். பலவீனமான காரணமும் அப்படித்தான். எதிராளி உங்கள் நல்ல காரணத்தை விட்டுவிட்டு அந்த முற்றல் இலையைத்தான் பிடிப்பான். நம் விஷயத்துக்கு முதல் காரணம், வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை முடிந்தால் வீடும் முடிகிறது. இரண்டாவது, அந்த வயதில் வெளியே வந்து புதிதாக வீடு வாங்கச் சம்பளச் சேமிப்பு பற்றாது.

மூன்றாவது, சான்று. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சான்று வேண்டும். எண்ணாக இருக்கலாம், சட்டமாக இருக்கலாம், கண்ணால் கண்டதாக இருக்கலாம். சம்பளம் போதாது என்று சும்மா எழுதாதீர்கள். 2025 பிப்ரவரி முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை எழுதி, உங்கள் பக்கத்து டவுனில் ஒரு சின்ன வீட்டுக்கு வங்கி கேட்கும் மாதத் தவணையை விசாரித்து அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு எண்ணும் தாமாகவே பேசும். அப்படியே, 1990 ஆம் வருஷத்துத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், முதலாளி கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று தரம் விதிக்கிறது. அந்த வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. இதைத் தெரிந்து எழுதுகிறவனை, விஷயம் தெரிந்தவன் என்று வாசிப்பவன் மதிப்பான். தெரியாத எண்ணை மாத்திரம் எழுதாதீர்கள். ஒரு பொய்யெண் பிடிபட்டால் பத்து மெய்யெண்ணும் பொய்யாகப் போகும்.

நான்காவது, எதிர்க்கட்சி. நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான். முதலாளி என்ன சொல்லுவார் என்று நீங்களே எழுத வேண்டும். அதையும் நேர்மையாக எழுத வேண்டும். "நிலம் கம்பெனியுடையது, தேயிலை விலையும் ரப்பர் விலையும் நிலையாக இல்லை, எல்லோருக்கும் வீடு கட்டித்தர எங்களால் ஆகாது" என்று அவர் சொல்லக்கூடும். அதில் நியாயம் இருக்கிற அளவுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு 'ஹவ்எவர்' என்று ஆரம்பித்துப் பதில் சொல்லுங்கள்: இலவசமாகக் கேட்கவில்லை, தொழிலாளி தவணையில் கட்டத் தயார், முதலாளி நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க, அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் தர, பாரம் மூவருக்கும் பங்காகிறது. எதிராளியின் வாதத்தை மறைக்கிறவன் அதற்குப் பயப்படுகிறான் என்றுதான் அர்த்தம்.

ஐந்தாவது, முடிவு. யார், எதை, எப்பொழுது செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். "சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்ய வேண்டும்" என்றால் ஒருவரும் எதுவும் செய்ய மாட்டார்கள்.

தமிழ்க் கைக்கு ஆங்கிலத்தில் வரும் தடங்கல்

நம் பிள்ளைகளின் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் சில பிழைகளைச் சொல்கிறேன். இவை அறிவுக் குறைவால் வருபவையல்ல. தமிழின் நடை வேறு, ஆங்கிலத்தின் நடை வேறு என்பதால் வருபவை.

தமிழில் "காலையில் எழுந்து, பிரட்டுக்குப் போய், கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்து, மாலை வீடு திரும்பி, சமைத்து" என்று ஒரே மூச்சில் கோத்துக்கொண்டு போகலாம். அப்படியே ஆங்கிலத்தில் போனால் வாக்கியம் வழியில் இடறி விழும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள். குட்டி வாக்கியம் அவமானம் இல்லை.

தமிழில் "போனேன்" என்றால் நான் போனேன் என்று புரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'ஐ' என்றோ 'ஹீ' என்றோ ஆளைச் சொல்லியே ஆகவேண்டும். 'ஹீ' வந்தால், நிகழ்காலத்தில் 'ஒர்க்' என்பது 'ஒர்க்ஸ்' ஆக வேண்டும். 'ஏ', 'தி' என்ற சின்னச் சொற்கள் நம்மிடம் இல்லை, மலாயிலும் இல்லை. ஆகவே அவற்றுக்காகவே ஒருமுறை தனியாகத் திருத்திப் படியுங்கள்.

இன்னொன்று, மேடைத் தமிழ். அடுக்குமொழியும் ஆவேசமும் நமக்கு உயிர். ஆனால் "ஐயகோ! இந்தக் கொடுமையைக் கேட்பாரில்லையா?" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால், அழுகிறானே ஒழியக் காரணம் சொல்லவில்லையே என்பார்கள். மரம் சீவுகிறவர்களைக் கேளுங்கள். உளி பட்டையோடு நிற்க வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும், பிறகு அந்தப் பட்டை சரியாகத் தேறாது. கோபமும் அந்த அளவில் நிற்க வேண்டும். அதிகாரியை ஏசிய வரியால் அதிகாரி மனம் மாறினதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வாரம் ஒரு பக்கம்

இதற்கு டியூஷன் பணம் அதிகம் வேண்டாம். வாரம் ஒரு நாள், ஓர் ஆங்கிலத் தினசரியில் வாசகர் கடிதம் ஒன்றைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிலை எது, காரணம் எது, சான்று எது, எதிர்க்கட்சிக்குப் பதில் எது என்று கோடு போடுங்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால், அந்தக் கடிதம் ஏன் உங்களை இணங்க வைக்கவில்லை என்பது தெரியும்.

பிறகு இருவராக உட்காருங்கள். ஒருவன் தொழிலாளி, ஒருவன் துரை. தொழிலாளி வீடு கேட்கட்டும், துரை மறுக்கட்டும். அரை மணி நேரம் கழித்து இடம் மாறுங்கள். முதலில் தமிழிலேயே சண்டை போடுங்கள். தமிழில் தெளியாத வாதம் ஆங்கிலத்தில் தெளியாது. அதற்குப் பிறகு ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். நீ என்ன கேட்கிறாய் என்று அம்மா ஒரு வரியில் திருப்பிச் சொல்லிவிட்டால் கட்டுரை தேறிவிட்டது. "என்னமோ சொல்றே, புரியலையே" என்றால் திரும்ப எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகாத தாய்மார்களே, இந்த வேலைக்கு நீங்கள்தான் முதல் பரீட்சகர்கள், வெட்கப்படாதீர்கள்.

கிராணித் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வளவு நாளும் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். இனி வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எழுதிய பக்கங்களைத் திருத்திக் கொடுங்கள். நீங்களே எழுதிவிடாதீர்கள், பிழையின் கீழே கோடு போட்டு, அவர்களையே மாற்றி எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் திரிங்காப் பிள்ளைகள் ஆளுக்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தலைப்பை நான் தரப்போவதில்லை. உங்கள் லயத்தில், உங்கள் பள்ளிக்கூடத்து வழியில், உங்கள் அப்பாவின் சம்பளச் சீட்டில் தலைப்பு இருக்கிறது. நன்றாக வந்ததைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினால் எங்களுக்குப் பெருமை; அதற்கு முன்னால், அது யாரிடம் போய்ச் சேரவேண்டுமோ அந்த அதிகாரிக்கு உங்கள் சொந்தக் கையெழுத்தோடு அனுப்புங்கள்.